தரையில் கிடக்கும் குஞ்சு: விடுவதா, கூட்டில் வைப்பதா, வளர்ப்பதா, ஒப்படைப்பதா?

பங்குனி, சித்திரை வந்துவிட்டால் என் போனுக்கு வரும் படங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். யாரோ ஒருவருடைய உள்ளங்கை, அதில் கண் திறக்காத அணில் பிள்ளை சுருண்டு கிடக்கும், இல்லையென்றால் வாயைப் பிளந்தபடி ஒரு மைனாக் குஞ்சு. கூடவே ஒரு வரி: "அக்கா, இதுக்கு என்ன பால் கொடுக்கணும்?" நான் திருப்பிக் கேட்பது எப்போதும் ஒன்றுதான். எங்கே கிடந்தது, தாய் அங்கே இருக்கிறதா என்று பார்த்தீர்களா? பல சமயம் இதைக் கேட்பதற்குள் குஞ்சு ஆட்டோவில் ஏறி மூன்று கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கும்.

நான் கால்நடை மருத்துவர் இல்லை. பத்துப் பன்னிரண்டு வருடமாக எங்கள் பகுதியில் அடிபட்ட பறவை, கூடு கலைந்த அணில் என்று எது கிடைத்தாலும் என்னைக் கூப்பிடுவார்கள். பிழைத்துப் பறந்ததும் உண்டு, என் கையிலேயே உயிர் போனதும் உண்டு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன். ஒரு குஞ்சைத் தரையில் பார்த்தால் நம் முன்னால் நாலு வழி இருக்கிறது. ஒன்றும் செய்யாமல் விடலாம். கூட்டில், அல்லது தாய் வந்து எடுக்கக்கூடிய இடத்தில் திரும்ப வைக்கலாம். வீட்டில் வைத்து வளர்க்கலாம். வனத்துறையிடமோ மீட்பு அமைப்பிடமோ ஒப்படைக்கலாம். இதில் நம் மனசு முதலில் ஓடுவது மூன்றாவது வழிக்கு. நான் பார்த்தவரையில் அதிக உயிர்கள் போவதும் அந்த வழியில்தான்.

முதல் வழியிலிருந்தே வருகிறேன். "விட்டுவிடுங்கள்" என்று சொன்னால் பலருக்குக் கோபம் வருகிறது, கல்நெஞ்சு என்று நினைக்கிறார்கள். ஆனால் குஞ்சின் உடம்பில் என்ன முளைத்திருக்கிறது என்று இரண்டு நிமிடம் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். உடம்பு முழுக்க இறகு மூடியிருக்கிறது, வால் மட்டும் குட்டையாக இருக்கிறது, அலகின் ஓரத்தில் மஞ்சள் மடிப்பு இன்னும் போகவில்லை, தத்தித் தத்திப் போகிறது, கிளையையோ கம்பியையோ பற்றி நிற்கிறது என்றால் அது கூட்டிலிருந்து விழுந்த குஞ்சே கிடையாது. பறக்கப் பழகுவதற்காகத் தானாக இறங்கி வந்த குஞ்சு. மைனா, காகம், கொண்டைக்குருவி எல்லாமே இப்படித்தான். சரியாகப் பறக்க வருவதற்குச் சில நாள் முன்பே கூட்டை விட்டு இறங்கிவிடும், தாயும் தகப்பனும் தரையிலேயே வந்து இரை ஊட்டும். இந்தச் சில நாளில்தான் எங்கே ஒளிவது, எதைத் தின்பது, பூனை வந்தால் எந்தச் சத்தம் கொடுப்பது என்று எல்லாவற்றையும் கற்றுக்கொள்கிறது. அந்த நேரத்தில் நாம் எடுத்துப் பெட்டியில் போட்டால், பள்ளிக்கூடத்தின் முதல் நாளே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனது மாதிரி.

காகத்தின் விஷயத்தில் மட்டும் ஒரு குழப்பம் திரும்பத் திரும்ப வரும். தரையில் ஒரு குஞ்சு, மேலே நாலைந்து காகம் கத்திக்கொண்டு சுற்றுகிறது, பக்கத்தில் போனால் நம் மண்டையில் கொத்துகிறது. "காக்காய்ங்க குஞ்சைக் கொல்லப் பார்க்குதுங்க, நான் காப்பாத்திட்டேன்" என்று பெருமையாகச் சொல்லுவார்கள். குஞ்சைப் பாருங்கள், காகக் குஞ்சாக இருந்தால் அந்தக் கூச்சல் நம்மை விரட்டுவதற்கான கூச்சல், கொத்துவது தாய். அதைவிட நல்ல செய்தி வேறு வேண்டாம், விலகிப் போய்விடலாம். ஒரு பெரிய குயிலைக் காகங்கள் துரத்தி அது உங்கள் பால்கனியில் வந்து மயங்கி விழுந்தால் கதை வேறு. காற்று போகும் அட்டைப்பெட்டியில் இருட்டாக இரண்டு மூன்று மணி நேரம் வைத்து, தெளிந்ததும் காகம் இல்லாத பக்கமாக விட்டால் பெரும்பாலும் போய்விடும். தண்ணீரை அலகில் ஊற்ற வேண்டாம்.

விடுவது என்றால் திரும்பியே பார்க்காமல் போவது என்று அர்த்தமில்லை. நடைபாதையில் இருந்தால் பக்கத்துச் செடிக்குள் தூக்கி வைக்கலாம். தெருநாயைக் கொஞ்ச நேரம் விரட்டலாம், வீட்டுப் பூனையை இரண்டு நாள் உள்ளே பூட்டி வைக்கலாம். அப்புறம் தள்ளி நின்று பார்க்க வேண்டும், ஜன்னலுக்குப் பின்னால் இருந்து பார்த்தால் இன்னும் நல்லது. நாம் இரண்டடி தள்ளி நின்றுகொண்டு "தாய் வரவே இல்லை" என்று சொல்வதில் பயனில்லை, நாம் நிற்பதால்தான் அது வராமல் இருக்கிறது. இறகு முளைத்த குஞ்சுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் இப்படிப் பார்த்தாலே தாய் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

மான் குட்டிக்கும் காட்டு முயல் குட்டிக்கும் இந்த முதல் வழிதான், அதுவும் கண்டிப்பாக. புள்ளிமானோ வெளிமானோ குட்டியைப் புல்லில் படுக்க வைத்துவிட்டுத் தள்ளிப் போய் மேயும், பால் கொடுக்க மட்டும் வரும். குட்டி அசையாமல் கிடப்பது அதற்கு இயற்கை கொடுத்த பாதுகாப்பு. அதைப் பார்த்து அனாதை என்று நினைத்து வீட்டுக்குத் தூக்கி வருவது, தொட்டிலில் தூங்கும் பிள்ளையைத் தாய் கொல்லைக்குப் போன நேரத்தில் எடுத்து வருவதற்குச் சமம்.

இரண்டாவது வழி, திரும்ப வைப்பது. எனக்கு மிகவும் பிடித்த வழி இது, அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன்.

இறகே முளைக்காத, அல்லது முள் முள்ளாக இறகு குத்திட்டு நிற்கிற குஞ்சு, கண் திறக்காத அணில் பிள்ளை, இவை தரையில் இருக்கக் கூடாதவை. காற்றில் விழுந்திருக்கும், கிளை வெட்டும்போது விழுந்திருக்கும், ஏசி கழற்றும்போது கூடு கலைந்திருக்கும். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்று நம் பாட்டி காலத்திலிருந்து சொல்லிவருகிறார்கள். பறவை விஷயத்தில் இது உண்மையில்லை. பெரும்பாலான பறவைகள் குஞ்சை வாசனையை வைத்து ஒதுக்குவதில்லை, குஞ்சு கத்தினால் தாய் வரும். அணிலும் நம் கை பட்ட பிள்ளையை எடுத்துக்கொண்டு போவதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன்.

மூன்று வருடம் முன்பு எங்கள் எதிர்வீட்டில் ஏசி சர்வீஸ் செய்ய வந்தவர் வெளிப்பக்க யூனிட்டின் பின்னாலிருந்து ஒரு கூட்டை உருவி எடுத்துவிட்டார். தேங்காய் நார், பழைய தலையணைப் பஞ்சு, யாருடைய புடவையிலிருந்தோ உருவிய சிவப்பு நூல், இவ்வளவும் சேர்த்து உருண்டையாகப் பின்னிய கூடு. உள்ளே மூன்று பிள்ளைகள், முதுகில் கோடு மட்டும் லேசாகத் தெரிகிறது, கண் ஒட்டியிருக்கிறது. தரை சில்லென்றிருந்ததால் ஒன்றின் வயிறு குளிர்ந்து போயிருந்தது. முதலில் அதைச் சூடாக்கினோம். வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி, அதன் மேல் படுக்க வைத்தோம். அசையத் தொடங்கியதும் மூன்றையும் அதே நாரோடு செருப்பு வந்த அட்டைப்பெட்டியில் வைத்து, மூடியில்லாமல், அதே ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு எல்லோரும் உள்ளே போய்த் திரையை இழுத்துவிட்டோம். அரை மணி நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் குழாயைப் பிடித்து ஒரு அணில் இறங்கியது, பெட்டியைச் சுற்றி வந்தது, ஓடிவிட்டது. திரும்ப வந்தது. பிள்ளையின் வயிற்றுப் பக்கமாக வாயில் கவ்வியது, அந்தப் பிள்ளை உடனே தாயின் கழுத்தைச் சுற்றி வளையம் மாதிரி சுருண்டுகொண்டது, குழாய் மேலே ஏறிப் பக்கத்து வீட்டு மாமரத்துக்குப் போய்விட்டது. அடுத்தது பத்து நிமிடத்தில். மூன்றாவதுக்கு வர ஒரு மணி நேரம் ஆனது, அந்த ஒரு மணி நேரமும் எதிர்வீட்டு மாமி "எடுத்துப் பால் கொடுத்துடலாமா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தாய் வந்து அதையும் எடுத்துக்கொண்டு போனது.

அணில் பகலில் நடமாடும் பிராணி, இதை மறக்கக் கூடாது. சாயங்காலம் ஆறரை மணிக்கு மேல் பிள்ளையை வெளியே வைத்தால் தாய் வராது, பூனைதான் வரும். இருட்டிய பிறகு கிடைத்தால் இரவு முழுக்கச் சூடாக, இருட்டாக, அமைதியாக வைத்திருந்து காலையில் வெளிச்சம் வந்ததும் அதே இடத்தில் வைக்க வேண்டும், மதியம் தாண்டும் வரை பொறுத்துப் பார்க்க வேண்டும். கூகைக்கும் ஆந்தைக்கும் இது அப்படியே தலைகீழ். பகலில் என்ன கத்தினாலும் தாய் இறங்காது, இருட்டிய பிறகுதான் வரும்.

கூகைக் குஞ்சைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். வெள்ளைப் பஞ்சு போர்த்திய உடம்பு, இதய வடிவத்தில் முகம், பாம்பு சீறுகிற மாதிரி 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். அடுக்குமாடிக் கட்டடத்தில் குழாய்கள் போகும் இடுக்கில் கூகை குடும்பம் நடத்துவது சகஜம், அங்கிருந்து குஞ்சு நடந்து வந்து கார் நிறுத்தும் இடத்தில் நிற்கும். உடனே அபசகுனம் என்று ஒரு பக்கம், வேற்றுக்கிரகப் பிராணி என்று வீடியோ எடுப்பவர் ஒரு பக்கம். அது பாவம் எலி தின்னும் பறவை, யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாது. காயமில்லை என்றால் தடித்த துண்டால் மூடி எடுத்து, முடிந்தவரை வந்த இடுக்குக்கே உயரத்தில் ஏற்றிவிட்டு, இரவு அந்தப் பக்கம் விளக்கை அணைத்து வைத்தால் போதும்.

கூடு சிதைந்து போயிருந்தால் புதிதாக ஒன்று கட்டிக் கொடுக்கலாம். சின்ன மூங்கில் கூடையோ, அடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவோ போதும், மழைத்தண்ணீர் நிற்கக் கூடாது, அவ்வளவுதான். காய்ந்த புல், நார் போட்டு, பழைய கூடு இருந்த கிளையிலேயே கம்பியால் இறுக்கிக் கட்டிவிடுங்கள். பஞ்சு வேண்டாம், காலில் சுற்றிக்கொள்ளும். தையல்சிட்டு மாதிரி இலையைத் தைத்துக் கூடு கட்டும் சின்னப் பறவைக்கு இது அவ்வளவாகப் பலிக்காது. மைனாவுக்கும் கொண்டைக்குருவிக்கும் நன்றாகப் பலிக்கிறது.

கரும்பு வெட்டும் சமயத்தில் சோகைக்குள்ளிருந்து காட்டுப்பூனைக் குட்டிகள் கிடைக்கும், ஊரே சிறுத்தைக் குட்டி என்று கூடிவிடும். அதற்கும் வழி இதுதான். கையோடு வனத்துறைக்குச் சொல்லி, குட்டிகளை அதே வயலில், அதே மூலையில், மாலையில் ஒரு கூடையில் வைத்து ஆட்களை விலக்கினால் இரவில் தாய் வந்து ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போகும். மகாராஷ்டிரத்தில் ஜுன்னர் பக்கம் கரும்பு வயலில் கிடைக்கும் உண்மையான சிறுத்தைக் குட்டிகளையே இந்த முறையில் தாயோடு சேர்த்துவருகிறார்கள்.

இதே முடிவு யானைக் குட்டி அளவில் எப்படி எடுக்கப்படுகிறது என்று பாருங்கள், அணிலுக்கும் அதே கணக்குதான் என்று புரியும். 2023 டிசம்பரில் பொள்ளாச்சி அருகே ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் கூட்டத்தைப் பிரிந்த ஒரு குட்டியை வனத்துறையினர் ட்ரோன் வைத்துக் கூட்டத்தைத் தேடி, நடத்திக் கூட்டிப்போய்த் தாயோடு சேர்த்தார்கள். சில நாள் கழித்து அந்தக் குட்டி தாயின் மேல் சாய்ந்து தூங்கும் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. ஆனால் எல்லாக் கதையும் அப்படி முடிவதில்லை. 2024-ல் மருதமலை அடிவாரத்தில் நோயுற்றுக் கிடந்த தாய் யானைக்குச் சிகிச்சை கொடுத்துக் காட்டுக்கு அனுப்பினார்கள், அதன் குட்டியைச் சேர்க்க எத்தனையோ முயன்றும் முடியாமல் கடைசியில் முதுமலை தெப்பக்காடு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அதற்கு முந்தைய வருடம் மார்ச்சில் பென்னாகரம் பக்கம் கிணற்றில் விழுந்து மீட்கப்பட்ட ஒரு குட்டியும் அதே முகாமுக்குப் போனது, கண்ணும் கருத்துமாகப் பார்த்தும் பால் ஒத்துக்கொள்ளாமல் வயிற்றுப்போக்கில் அந்த மாதக் கடைசியிலேயே இறந்துபோனது. மருத்துவரும், தலைமுறை தலைமுறையாக யானையோடு வாழும் மாவுத்தர்களும் இருக்கும் இடத்திலேயே இந்த நிலைமை. 2017-ல் அங்கே வந்து சேர்ந்த ரகு என்ற யானைக் குட்டி நன்றாக வளர்ந்தது, சந்தோஷம்தான், ஆனால் அது முகாம் யானையாக வளர்ந்தது. கையில் வளர்ந்த யானைக் குட்டி பிழைத்தாலும் காடு அதற்குத் திரும்பக் கிடைப்பது அரிது. அதனால்தான் தாயிடம் சேர்க்க ட்ரோன் வரைக்கும் போகிறார்கள்.

சரி, மூன்றாவது வழி. வீட்டில் வளர்ப்பது.

எனக்கு இது வெறும் கருத்து இல்லை. நான் முதன்முதலில் எடுத்த அணில் பிள்ளைக்கு இங்க் ஃபில்லரில் பசும்பால் கொடுத்தேன். மல்லாக்கப் படுக்க வைத்துக் கொடுத்தேன், குழந்தைக்குக் கொடுப்பது மாதிரி. ஆசையாகக் குடித்தது, நடுவில் மூக்கிலிருந்து பால் நுரை வந்தது, துடைத்துவிட்டு மறுபடி கொடுத்தேன். இரண்டாம் நாள் வயிறு உப்பியது, மூச்சு விடும்போது 'டிக் டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் வந்தது, நாலாம் நாள் காலையில் துணிக்குள் குளிர்ந்து கிடந்தது. என்ன நடந்தது என்று பிற்பாடுதான் ஒரு மருத்துவர் சொல்லித் தெரிந்தது. மூக்கு வழியாக வந்த பால் நுரையீரலுக்குள்ளும் போயிருந்தது, அந்த 'டிக் டிக்' நிமோனியா. பசும்பாலில் இருக்கும் சர்க்கரையை அணில் பிள்ளையின் குடல் செரிக்காது. அதற்கு மேல் கண் திறக்காத பிள்ளை தானாக மூத்திரம் போகாது. தாய் நக்கிவிட்டால்தான் போகும், நாம் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் ஒவ்வொரு வேளையும் தடவிவிட வேண்டும். எனக்கு இது தெரியாது. உடம்பு சில்லென்றிருக்கும் பிள்ளைக்கு எந்தப் பாலும் கொடுக்கக் கூடாது, முதலில் சூடு, அப்புறம்தான் ஆகாரம், இதுவும் தெரியாது.

பறவைக் குஞ்சுக்குப் பாலே கூடாது. பிரெட், பால்சாதம், செரிலாக் எல்லாம் கொடுத்து வளர்த்த மைனாவைக் கொண்டுவருவார்கள், இறகு நன்றாக இருக்கும், கால் மட்டும் பின்னிக்கொண்டு நிற்க முடியாமல் இருக்கும். சுண்ணாம்புச் சத்து இல்லாமல் எலும்பு வளைந்துவிட்டது. பருந்துக் குஞ்சுக்கு எலும்பில்லாத கோழிக்கறியாகப் பார்த்துப் பார்த்து ஊட்டினாலும் இதே கதிதான், ஏனென்றால் காட்டில் அது எலியை எலும்போடு விழுங்கும். வளைந்த எலும்பு பெரும்பாலும் நேராவதில்லை.

இதையெல்லாம் சரியாகச் செய்து வளர்த்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அந்த அணில் தோளில் ஏறி விளையாடும், கூப்பிட்டால் வரும். வீட்டுப் பூனையைப் பார்த்தும் ஓடாது. தெருவில் போகும் யார் மேலும் ஏறும். நாம் அன்பு என்று பார்ப்பது அதற்கு நாளைக்கு எமன்.

சட்டமும் ஒன்று இருக்கிறது. 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட பிராணி கையில் வந்தால் 48 மணி நேரத்துக்குள் போலீஸ் நிலையத்துக்கோ வனத்துறை அதிகாரிக்கோ தெரிவிக்க வேண்டும். கிளி, ஆந்தை எல்லாம் இதில் வரும். கிளி வீட்டுப் பறவை என்று இன்னும் நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன். 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கு பலருக்கு நினைவிருக்கும். நாய்கள் கடித்துக் குதறிய ஒரு குட்டிக் குரங்கை ஒரு கால்நடை மருத்துவர் சுமார் பத்து மாதம் தன் பராமரிப்பில் வைத்துத் தேற்றியிருந்தார். வனத்துறை அதை வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குக் கொண்டுபோனது. தன்னிடமே திருப்பித் தரக் கேட்டு அவர் வழக்குப் போட்டார், நீதிமன்றம் போய்ப் பார்க்க அனுமதித்தது, ஆனால் ஒப்படைக்கவில்லை. அந்த மருத்துவரின் மனசு எனக்குப் புரிகிறது, அவர் இல்லாவிட்டால் அந்தக் குட்டி பிழைத்திருக்காது. ஆனாலும் தேறிய பிறகு அது யாரிடம் இருக்க வேண்டும் என்ற கேள்வியில் நான் வனத்துறைப் பக்கம்தான் நிற்பேன், குரங்குக்குக் குரங்குகள் வேண்டும்.

எனவே மூன்றாவது வழியை ஒரே ஒரு ராத்திரிக்கு மட்டும் ஒத்துக்கொள்கிறேன். விடியும் வரை, அல்லது வண்டி கிடைக்கும் வரை.

நாலாவது வழி, ஒப்படைப்பது. இது எப்போது முதல் வழியாகிறது என்பதில் எனக்குக் குழப்பமில்லை. ரத்தம் தெரிந்தால், இறக்கை ஒரு பக்கம் தொங்கினால், மாஞ்சா நூல் சுற்றியிருந்தால், எறும்பு மொய்த்திருந்தால், மயிருக்கு இடையில் அரிசி நொய் மாதிரி ஈ முட்டை ஒட்டியிருந்தால், தாய் செத்துக் கிடப்பதைக் கண்ணால் பார்த்திருந்தால், சரியான நேரத்தில் சரியான இடத்தில் வைத்தும் தாய் வரவில்லை என்றால், அப்போது காத்திருக்க ஒன்றுமில்லை. பூனை கவ்விய பறவையைத் தனியாகச் சொல்ல வேண்டும். வெளியே காயமே தெரியாது, தத்திப் போகும், சரியாகிவிட்டது என்று விட்டுவிடுவோம். பூனையின் பல் ஊசி மாதிரி இறங்கியிருக்கும், அதன் வாய்க்கிருமி ரத்தத்தில் கலந்து ஓரிரு நாளில் பறவையையே கொன்றுவிடும். பூனை கவ்வியது என்றால் காயம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் மருந்துக்குப் போக வேண்டும்.

தொடவே கூடாதவையும் உண்டு. குரங்கு, வௌவால், கீரி, நரி எதையும் வெறும் கையால் எடுக்காதீர்கள், வெறிநாய்க்கடி நோய் இவற்றாலும் வரும்; கடித்தாலோ கீறினாலோ உடனே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட வேண்டும். பழந்தின்னி வௌவாலுக்கு 2018-ல் கோழிக்கோட்டில் பார்த்த நிபா வைரஸ் வேறு இருக்கிறது. வௌவால் குட்டி கிடந்தால் ஒரு கூடையைக் கவிழ்த்து மூடிவிட்டுக் கூப்பிடுங்கள். பாம்புக்குத் தீயணைப்புத் துறையோ வனத்துறையோ போதும்.

எங்கே கொடுப்பது? எந்த மாவட்டமானாலும் வனச்சரக அலுவலகம் ஒன்று இருக்கும், அதன் எண்ணை இப்போதே போனில் வைத்துக்கொள்ளுங்கள், குஞ்சு கையில் இருக்கும்போது தேடினால் கிடைக்காது. சென்னையில் கேப்டன் சுந்தரம் 1959-ல் தொடங்கிய ப்ளூ கிராஸ் இருக்கிறது, பெசன்ட் நகரில் பெசன்ட் நினைவு விலங்கு மருத்துவமனை இருக்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை கடற்கரையில் பங்குனி ஆமை முட்டையிட வரும் காலம். விளக்கு வெளிச்சத்தைப் பார்த்து ரோட்டுப் பக்கம் ஏறிவிட்ட ஆமைக் குஞ்சு கிடைத்தால் 1988-லிருந்து சென்னைக் கரையில் இரவு இரவாக நடக்கும் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினரிடம் சேர்த்துவிடலாம். ஒன்று மட்டும், வாளித் தண்ணீரில் விட்டு வைக்காதீர்கள், கடலுக்குள் நீந்த வேண்டிய தெம்பையெல்லாம் வாளியைச் சுற்றியே தீர்த்துவிடும். ஈர மணல் போட்ட கூடை போதும்.

இந்த நாலாவது வழியிலும் குறைகள் உண்டு, மறைக்கப் போவதில்லை. சீசனில் இந்த இடங்கள் நிரம்பி வழியும், போனை எடுக்க ஆள் இருக்காது. சின்ன ஊர்களில் பக்கத்தில் இருப்பது மாட்டாஸ்பத்திரி மட்டும்தான், 1962-க்கு அழைத்தால் வரும் வண்டியும் கால்நடைக்கென்று வந்ததுதான், அங்கே அணில் பிள்ளைக்கு மருந்து அளவு சொல்லத் தெரிந்தவர் கிடைப்பது அதிர்ஷ்டம். இரண்டு மணி நேரப் பஸ் பயணத்திலேயே பயத்தில் செத்துப்போகும் பறவைகள் உண்டு. நான் கொண்டுபோய்க் கொடுத்தவற்றிலும் பிழைக்காதவை இருக்கின்றன. அப்படியும் அடிபட்ட உயிருக்கு இதுதான் வழி என்று சொல்வேன், ஏனென்றால் முறையாகச் செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு அசாமில் காசிரங்கா பக்கத்தில் 2002-லிருந்து நடக்கும் வனவிலங்கு மறுவாழ்வு மையம் சாட்சி. பிரம்மபுத்திராவின் வெள்ளத்தில் தாயைப் பிரிந்த காண்டாமிருகக் குட்டிகளை வருடக்கணக்கில் வளர்த்து, 2006-லிருந்து மானஸ் தேசியப் பூங்காவுக்குக் கொண்டுபோய்க் காட்டில் விடுகிறார்கள், அவை அங்கே தாங்களாகவே குட்டியும் போட்டுவிட்டன. அது ஆளும் இடமும் பொறுமையும் சேர்ந்த வேலை, நம் வீட்டு ஹாலில் நடக்கும் வேலை இல்லை.

கொண்டுபோகும்போது கூண்டு வேண்டாம், கம்பியில் இறகு முறியும். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி, உள்ளே பழைய பனியன் துணி, மூடி வைத்த மூடி, பாட்டு இல்லாத ஆட்டோ. மடியில் எடுத்து வைத்துத் தடவிக்கொடுக்காதீர்கள். அது அமைதியாக இருப்பது பயத்தில் உறைந்திருப்பது. போனதும் மூன்று விஷயம் சொல்ல வேண்டும். எந்தத் தெரு, எந்த மரத்தடியில் கிடந்தது என்பது, ஏனென்றால் தேறிய பிறகு அங்கேதான் கொண்டுவந்து விட வேண்டும். எத்தனை மணிக்குக் கிடைத்தது என்பது. அப்புறம் நீங்கள் அதற்கு என்ன ஊட்டினீர்கள் என்பது. திட்டுவார்களோ என்று பயந்து இந்த மூன்றாவதை மறைப்பவர்கள்தான் அதிகம். பால் கொடுத்திருந்தால் கொடுத்தேன் என்று சொல்லிவிடுங்கள், நுரையீரலைக் கேட்டுப் பார்த்து அன்றைக்கே மருந்து தொடங்க அவர்களுக்கு அது ஒன்று தெரிந்தால் போதும்.